வெயில் வாங்கும் மேடை

புதுச்சேரி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் இரும்பைப் பற்றவைத்து, விளிம்பை உரசி மழமழப்பாக்கும் கைகளை நின்று ரசிப்பவர்கள், கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் தாண்டி வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கும் போய்வர வேண்டும். 1976இல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய அந்த இடத்தில் எல்லோர் கண்ணும் முதலைமேல். என் கண் அது குடியிருக்கும் இடத்தின்மேல். கனத்த சுவர், உள்ளே குளம், குளத்திலிருந்து மெல்ல ஏறும் கரை. முதலையின் உடம்பு தானாகச் சூடேறாது. வெயிலிடம்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். காலையில் கரையேறி, வயிற்றைச் சுடுமண்ணில் அழுத்திக் கிடக்கும். சூடு மிஞ்சினால் வாயைப் பிளந்து ஆற்றிக்கொள்ளும். பிறகு சரசரவென்று சரிந்து, 'களக்' என நீருக்குள் போகும். வெயில், நிழல், நீர் மூன்றும் நாலு எட்டில்.

வெயில் எட்டாத அறையில் மலைப்பாம்புக்குக் கூடு செய்பவரின் பொறுமை இன்னும் நுணுக்கமானது. ஒரு மூலையில் வெப்ப விளக்கு, மறுமூலை குளிர்ச்சியாக. சுடுவது தெரியாமல் பாம்பு சுற்றிக்கொள்ளும் என்பதால் விளக்குக்குக் கம்பிவலை. மூக்கு உராயும் இடமெல்லாம் வழவழப்பு. இரவெல்லாம் முட்டித் தள்ளினாலும் அசையாத தாழ்ப்பாள். வலுவாக அடைப்பது பாதி வேலைதான்; சூட்டையும் குளிர்ச்சியையும் உயிரே தேர்ந்துகொள்ள விடுவதில்தான் கைத்திறன் தெரிகிறது. அடுத்த முறை முதலைப் பண்ணைக்குப் போனால், அந்தக் குளத்தின் கரையையும் ஒரு நிமிடம் பாருங்கள்.