கல் சிங்கமும் கத்தரிக்கோலும்

படக்காட்சியைப் பற்றி நம்மவர் பேசுங்கால், நடிகரின் முகத்தையும் பாட்டையும் வசனத்தையுமே பேசுகின்றனர். துண்டு துண்டாக எடுக்கப்பட்ட காட்சிகளுள் எதனை வைப்பது, எதனை வெட்டுவது, எதன்பின் எதனை ஒட்டுவது என்று முடிவு செய்யும் படத்தொகுப்பாளரை நினைப்பவர் சிலரே. அவரது கத்தரிக்கோல் பல வேளைகளில் நமக்காகச் சிந்தித்து முடித்துவிடுகிறது என்பதை ஈண்டு எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

1925-ல் உருசிய நாட்டில் ஐசென்ஸ்டீன் எடுத்த 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' என்னும் பேசாப்படம், 1905-ல் அக்கப்பலின் மாலுமிகள் செய்த கிளர்ச்சியைக் கூறுவது. ஒடெசா நகரப் படிக்கட்டில் மக்களைச் சுட்டு வீழ்த்திய கொடுமைக்கு விடையாகக் கப்பலின் பீரங்கி முழங்குகிறது. அப்போது திரையில் ஒரு கல் சிங்கம் உறங்குகிறது, தலை தூக்குகிறது, எழுந்து நிற்கிறது. கல்லும் பொறாது எழுந்தது என்று நம் நெஞ்சம் துள்ளுகிறது. உண்மை யாது? அவை மூன்று தனித்தனிச் சிலைகள். அவை இருப்பதும் ஒடெசாவில் அன்று. கிரிமியாவில், அலுப்கா அரண்மனையின் படிகளில். ஒரு சிலையிலும் இல்லாத சினம், மூன்றையும் ஒட்டிய இடத்தில் பிறந்தது.

தோட்டத்துச் செக்ரோலில் ஒருவன் பெயருக்கு நேரே மற்றொருவன் சம்பளத்தை எழுதினால், பெயரும் மெய்யே, தொகையும் மெய்யே. கணக்கு மட்டும் பொய். படத்தொகுப்பும் அத்தகையதே. துண்டுகள் ஒவ்வொன்றும் மெய்யாயிருக்க, வரிசை பொய் சொல்லக்கூடும்.

அப்பொய் எத்துணைக் கேடு விளைக்கும் என்பதற்கு, 1915-ல் அமெரிக்காவில் கிரிஃபித் எடுத்த 'ஒரு தேசத்தின் பிறப்பு' சான்று. முடிவில், கறுப்பினப் படையினர் சூழ்ந்த குடிசைக்குள் வெள்ளையர் சிலர் நடுங்குவது ஒரு காட்சி. வெள்ளங்கி பூண்ட கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தார் குதிரைகளில் பாய்ந்து வருவது மறு காட்சி. இவற்றை மாறி மாறி, வரவர விரைவாக வெட்டிக் காட்டுகிறார். 'வந்து சேர்வாரோ' என்று பதைப்பவன், வருபவர் யார் என்று கேட்க மறக்கிறான். கறுப்பின மக்களைக் கொன்றும் அச்சுறுத்தியும் திரிந்த கூட்டம், இவ்வாறு காவலர் கூட்டமாயிற்று. கறுப்பின மக்களின் உரிமைக்காக உழைத்த சங்கத்தார் அப்படத்தை எதிர்த்துப் போராடினர். ஆயினும், மறைந்து போயிருந்த கிளான் அவ்வாண்டிலேயே ஜார்ஜியா மாநிலத்தில் மீண்டும் தலையெடுத்தது.

இனி நம் பக்திப் படங்களைப் பார்ப்போம். கணவன் மருத்துவமனையில் நினைவற்றுக் கிடக்கிறான். மனைவி கோயிலில் அழுது பாடுகிறாள். மணி தானே அசைகிறது. சிலையின் பூ கீழே விழுகிறது. அடுத்த நொடியே கணவன் கண் திறக்கிறான். பூவுக்கும் கண்ணுக்கும் இடையே வெட்டுண்டு போனவர் யார்? மருந்து கொடுத்த மருத்துவரும், இரவெல்லாம் விழித்திருந்த தாதியும் அல்லரோ? 'பூ விழுந்ததால் பிழைத்தான்' என்று எவரும் வாய் திறந்து கூறவில்லை. கூறியிருந்தால் மறுத்திருப்போம். ஒட்டிக் காட்டியதால், நாமே கண்டறிந்ததாக எண்ணி வீட்டிற்கு எடுத்துச் செல்கிறோம்.

1952-ல் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய 'பராசக்தி'யில், குணசேகரன் அம்மன் சிலைக்குப் பின்னிருந்து பூசாரியைக் கேள்வி கேட்கிறான். பேசுவது சிலையன்று, மனிதனே என்பதைப் படம் மறைக்கவில்லை. அற்புதம் போலத் தொடங்கி, அதன் பின்புறத்தையும் காட்டிவிடுவதே அக்காட்சியின் நேர்மை.

எனினும், நமக்கு உவப்பான கருத்தைச் சொல்லும் படத்தை ஆராயாது விடுதல் பகுத்தறிவாகாது. ஐசென்ஸ்டீனின் சிங்கம் ஒடுக்கப்பட்டோர் பக்கம் நின்றது. ஆயினும் அதுவும் ஒட்டப்பட்ட சிங்கமே. நம் கட்சிக்கு ஒரு நீதி, பிறர் கட்சிக்கு ஒரு நீதி என்று கொள்வோமாயின், நாமும் பூ விழக் கண்டு கைகூப்பியவரே ஆவோம்.

முன்னாளில் தோட்டத்துத் திடலில் திரை கட்டிப் படம் காட்டினர். இன்று வீட்டுத் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் செய்தி முதலாக யாவும் வெட்டி ஒட்டப்பட்டே வருகின்றன. ஆதலின் தோழர்களே, ஒரு காட்சி கண்டு அழுகையோ சினமோ பொங்குமாயின், பொங்கட்டும். அதனைத் தடுக்க வேண்டுவதில்லை. படம் முடிந்து வீடு திரும்பும் வழியில், உடன் வரும் பிள்ளைகளை ஒன்று மட்டும் கேளுங்கள்: 'இதற்கும் அதற்கும் நடுவே யாரை வெட்டினார்கள்?'