மனிதருக்கு இடையே: வாட்சுஜியின் அறவியல் குறித்து ஒரு நோக்கு

தனிமனிதன் முதலா, சமுதாயம் முதலா என்னும் வினா மெய்யியலில் மிகப் பழையது. மேலைநாட்டு முதலாளித்துவச் சிந்தனை தனித்து நிற்கும் மனிதனைத் தொடக்கமாகக் கொண்டது. அவன் பின்னர்ப் பிறரோடு ஒப்பந்தம் செய்து சமுதாயத்தை ஆக்கினான் என்றது. இக்கற்பனையை மாக்சியம் மட்டுமே மறுத்தது என நம்மிற் பலர் எண்ணுவதுண்டு. யப்பானிய மெய்யியலாளர் வாட்சுஜி தெட்சுரோ (1889-1960) அதனை வேறொரு வழியில் மறுத்தார். அவ்வழி எங்கே சென்று முடிந்தது என்பது, சமுதாய நலனைப் பேசும் நாம் ஊன்றி நோக்கவேண்டியதாகும்.

1927இல் ஜேர்மனிக்குக் கற்கச் சென்ற வாட்சுஜி, அவ்வாண்டு வெளிவந்த ஹைடெகரின் 'இருப்பும் காலமும்' என்னும் நூலைப் படித்தார். மனித இருப்பைக் காலத்தோடு பிணைத்து ஆராய்ந்த அந்நூல், இடத்தையும் பிறரோடு கூடிய வாழ்வையும் போதிய அளவு கருதவில்லை என்பது அவர் கண்ட குறை. 1937, 1942, 1949 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்த அவரது 'அறவியல்', அக்குறையை நிறைக்க முயல்கின்றது.

யப்பானிய மொழியில் மனிதனைக் குறிக்கும் 'நின்கென்' என்ற சொல் இரண்டு எழுத்துக்களால் ஆனது. ஒன்று 'ஆள்' என்றும் மற்றது 'இடை' என்றும் பொருள்படும். மனிதன் தனியுயிராக மட்டும் இருப்பவன் அல்லன், பிறரோடு கொண்ட உறவின் இடையிலேயே அவன் மனிதனாகின்றான் என்பது வாட்சுஜியின் வாதம். ஆசிரியரின்றி மாணவர் இல்லை. மாணவரின்றி ஆசிரியரும் இல்லை. அறம் என்பது தனிமனிதனின் உள்ளத்துக்குள் ஒளிந்திருப்பதன்று, மனிதருக்கு இடையே வாழ்வது என்ற இக்கருத்து உயர்ந்தது. இதனை நாம் தயக்கமின்றி ஏற்கலாம்.

ஆனால் வாட்சுஜி இதனோடு நிற்கவில்லை. பௌத்தத்தின் சூனியக் கொள்கையைத் தழுவி, இரட்டை மறுப்பு என்ற ஒன்றை அவர் வகுத்தார். தனிமனிதன் முழுமையை மறுத்துத் தனியனாகின்றான். இது முதல் மறுப்பு. பின்னர் அத்தனிமையையும் மறுத்து முழுமைக்குத் திரும்புகின்றான், இது இரண்டாவது. இரண்டும் ஓயாது நிகழவேண்டும் என்று அவர் கூறினும், நன்மையின் எடை திரும்பிவருதலின் பக்கமே சாய்கின்றது. எந்த முழுமைக்குத் திரும்புவது? 1942ஆம் ஆண்டுத் தொகுதி குடும்பம், உறவினர், ஊர் எனப் படிப்படியாக ஏறி, யாவற்றையும் அடக்கும் முழுமையாக அரசை உச்சியில் வைக்கின்றது. போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் இதன் பொருள் எவருக்கும் விளங்காமற் போயிராது. அரசு பற்றிய சில பகுதிகளைப் போர் முடிந்தபின் அவரே திருத்தினார்.

இத்தவறு திடீரென நேர்ந்ததன்று; அடித்தளத்திலேயே உள்ளது. உறவின் 'இடையை'க் கண்ட வாட்சுஜி, அதன் இரு முனைகளிலும் நிற்போர் சமமாக நிற்கவில்லை என்பதைக் காணவில்லை. ஆலைத் தொழிலாளியாக வாழ்ந்த ஹொசோயி வக்கிசோ, 1925இல் வெளியிட்ட நூலில் யப்பானிய நெசவாலைப் பெண்களின் துயரை எழுதினார். வறிய உழவர் குடும்பத்துப் பெண்கள் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு ஆலைகளுக்கு வந்தனர். காவலுள்ள விடுதிகளில் அடைபட்டனர். அக்காலத்து ஆலை முதலாளிகளும் குடும்பப் பாசத்தின் மொழியிலேயே பேசினர். முதலாளிக்கும் அப்பெண்ணுக்கும் இடையேயும் ஓர் உறவு இருந்தது. அவ்வுறவை அறம் என்பதா, சுரண்டல் என்பதா? 'இடை' என்ற சொல் இதற்கு விடை தராது.

இதனை அன்றே சுட்டியவர் தொசாக்கா ஜுன். 1932இல் பொருள்முதல்வாத ஆய்வுக் கழகத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர் அவர். 1935இல் வெளிவந்த 'யப்பானியக் கருத்தியல்' என்னும் நூலில் அவர் வாட்சுஜியின் முறையையே கேள்விக்குள்ளாக்கினார். சொற்களின் பொருளை அகழ்ந்து விளக்குவதால் நடைமுறை வாழ்வின் பிரச்சினைகள் தீர்ந்துவிடா என்பது அவரது விமர்சனத்தின் சாரம். சொல்லாராய்ச்சியிலே மகிழும் தமிழ் பயின்றோராகிய நமக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

தொசாக்கா 1938இல் கைதுசெய்யப்பட்டார். நாகசாக்கி நகர்மீது அணுகுண்டு வீழ்ந்த 1945 ஆகஸ்ட் 9ஆம் நாளன்று, நாகனோச் சிறையில் உயிர்நீத்தார். வாட்சுஜியின் மொழியிற் கூறினால், முழுமையை மறுத்துத் தனித்து நின்றவர் அவர். ஆயினும் அவர் நின்றது தமக்காகவன்று. அந்த முழுமையினால் நசுக்கப்பட்ட மக்களுக்காக. அவரது மறுப்பு சமுதாயத்தினின்று விலகல் அன்று. மெய்யான சமுதாயத்தின்பாற் கொண்ட பற்று. வாட்சுஜியின் திட்டத்திலே இத்தகைய மறுப்புக்கு நிலையான இடம் இல்லை என்பதே அதன் பெருங்குறை.

வாட்சுஜியை நாம் ஒதுக்கிவிடல் வேண்டுமென்பதில்லை. அவரது 'அறவியல்' நூலின் ஒரு பகுதி 1996இல் ஆங்கிலத்தில் வெளிவந்துள்ளது; மாணவர் அதனைத் தொசாக்காவின் வாழ்வோடு சேர்த்துப் படித்தல் வேண்டும். தனிமனித வாதத்தை எதிர்ப்பது ஒன்றினாலேயே ஒரு சிந்தனை முற்போக்கானதாகிவிடாது. கூட்டு வாழ்வின் பெயரால் எவரேனும் நம் பணிவைக் கோரும்போது, அக்கூட்டில் யார் உழைக்கின்றார், யார் உண்கின்றார், 'இல்லை' என்று கூறுபவருக்கு யாது நேர்கின்றது என்று கேட்டேயாகவேண்டும். அக்கேள்வியைப் பொறுத்துக்கொள்ளாத முழுமையை அரசு என்று அழைக்கலாம், ஆலை என்று அழைக்கலாம். சமுதாயம் என்று அழைத்தல் தகாது.