கட்டளை பாதி, வேண்டுகோள் பாதி

ரவுட்டர் கான்ஃபிக்கை யாராவது ரசித்துப் படிப்பார்களா என்று கேட்டால், நான் படிப்பேன். அதில் பெரும்பகுதி சலிப்பூட்டும் சமாச்சாரம்தான். இந்த போர்ட்டுக்கு இந்த ஐபி, அந்த லிங்க்குக்கு அந்த பாஸ்வேர்டு. யார் எழுதினாலும் ஒன்றுபோலவே இருக்கும். ரூட்டிங் பாலிசி தொடங்கும் இடத்தில்தான் எழுதியவரின் முகம் தெரிய ஆரம்பிக்கிறது.

நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் பிஜிபி, 1989-இல் கிர்க் லாகீடும் யாக்கோவ் ரெக்டரும் சாப்பாட்டு வேளையில் கைதுடைக்கும் காகிதத்தில் வரைந்து பார்த்தது. அதற்கு வேகம் தெரியாது, நெரிசல் தெரியாது, எந்த கேபிளுக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்பதும் தெரியாது. 'இந்த முகவரிகளுக்கு என் வழியாகப் போகலாம், இடையில் இன்னின்ன நெட்வொர்க்குகள் இருக்கின்றன' என்பதோடு அதன் பேச்சு முடிந்தது. மிச்ச விவேகத்தையெல்லாம் மனிதர்தான் பாலிசியாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

இந்தக் கலையின் அழகு ஓர் ஏற்றத்தாழ்வில் இருக்கிறது. நம் நெட்வொர்க்கை விட்டு வெளியே போகும் ட்ராஃபிக் நம் சொல்படி நடக்கும். உள்ளே வருவது நடக்காது. வெளியே போவதற்கு லோக்கல் பிரிஃபரன்ஸ் என்ற ஒற்றை எண் போதும். சும்மா விட்டால் 100. கஸ்டமரிடமிருந்து வந்த வழிக்கு 200, காசில்லாத பியரிங்குக்கு 150, நாம் பணம் கட்டும் அப்ஸ்ட்ரீமுக்கு 100 என்று வைத்தால், காசு வரும் வழிக்கு முதல் மரியாதை, காசு போகும் வழிக்குக் கடைசி இடம். பச்சையான சுயநலம். ஆனால் 2001-இல் லிக்சின் காவோவும் ஜெனிஃபர் ரெக்ஸ்ஃபோர்டும் கணிதமாக நிறுவிய விஷயம் இதுதான்: எல்லோரும் இந்த வரிசையையும், அப்ஸ்ட்ரீமிடமோ பியரிங்கிலோ கேட்ட வழியை இன்னொரு அப்ஸ்ட்ரீமிடமோ பியரிங்கிலோ சொல்லாத ஒழுங்கையும் கடைப்பிடித்தால், மேலிருந்து யாரும் ஒருங்கிணைக்காமலே மொத்த இணையமும் ஒரு நிலைக்கு வந்துவிடும்.

உள்ளே வருவதைத் திருப்ப நமக்குள்ள பழைய வித்தை, பாதையில் நம் நெட்வொர்க் எண்ணையே திரும்பத் திரும்ப எழுதுவது. 64500, 64500, 64500 என்று மூன்று முறை எழுதினால் அந்த வழி நீளமாகத் தெரியும். 'எங்கள் தெருவில் பள்ளம் தோண்டியிருக்கிறது, அந்தப் பக்கமாக வந்துவிடுங்கள்' என்று விருந்தாளிக்குச் சொல்லி அனுப்புவது மாதிரி. விருந்தாளி கேட்க வேண்டுமென்று கட்டாயமில்லை, ஏனென்றால் அவருடைய லோக்கல் பிரிஃபரன்ஸ் நம் பாதை நீளத்தைவிடப் பெரியது. பத்து முறை எழுதி வைத்திருக்கும் கான்ஃபிக்குகளைப் பார்த்தால், காது கேளாதவரிடம் கத்துகிறாரே என்றுதான் தோன்றும். நாசூக்கானவர்கள் 1996-இல் வந்த கம்யூனிட்டி முத்திரைகளுக்குப் போவார்கள். அப்ஸ்ட்ரீம் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட எண்ணை ரூட்டின் மேல் ஒட்டி அனுப்பினால், அவர்களே தங்கள் ரவுட்டரில் நமக்காகப் பிரிஃபரன்ஸைக் குறைப்பார்கள். 65535:666 என்ற முத்திரையில் ஒரு சோகமும் உண்டு. தாக்குதலில் சிக்கிய நம் முகவரி ஒன்றுக்கு வரும் ட்ராஃபிக்கை வழியிலேயே கொட்டிவிடுங்கள் என்று நாமே கேட்டுக்கொள்வது அது.

எனக்குப் பிடித்த பாலிசி வரி இரண்டே எழுத்துக் குறிகளால் ஆனது: ^$. முதல் குறி பாதையின் தொடக்கம், அடுத்தது முடிவு, நடுவே ஒன்றுமில்லை. பாதையே இல்லாத வழி என்றால் நம் வீட்டிலேயே பிறந்த வழி. நம் எண் வெளியே போகும்போதுதான் அதில் ஒட்டும். இரண்டு அப்ஸ்ட்ரீம் வைத்திருக்கும், கஸ்டமர் நெட்வொர்க் எதுவும் இல்லாத நிறுவனம் வெளிவாசலில் இதை மட்டும் மாட்டினால், ஊர் ட்ராஃபிக்குக்கு நடுவழியாக மாட்டிக்கொள்ளும் ஆபத்து போயிற்று.

சிஸ்கோ ரவுட்டர்களில் பாலிசி எழுதும் ரூட்-மேப்பில் வரிசை எண்களை 10, 20, 30 என்று இடைவெளி விட்டு எழுதுவார்கள். பின்னால் வருபவர் 15 என்று ஒன்றைச் செருகலாம். எதிலும் பொருந்தாததைக் கடைசியில் ரவுட்டர் தானாகவே நிராகரித்துவிடும். இருந்தாலும் அந்த நிராகரிப்பை 'டினை' என்று எழுதியே வைப்பவர்கள் மேல் எனக்கு மரியாதை அதிகம். ஜூனிப்பர் ரவுட்டர்களில் பாலிசியின் ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் வைக்கலாம் என்பதால், படிப்பதற்கு அதுதான் சுகம்.

எழுதாமல் விட்ட வரி என்ன செய்யும் என்பதற்கு 2008 பிப்ரவரி 24-ஐச் சொல்வார்கள். யூடியூபை நாட்டுக்குள் தடுப்பதற்காக பாகிஸ்தான் டெலிகாம் 208.65.153.0/24 என்ற வழியை உருவாக்கியது. அது வெளியே கசிந்தது. யூடியூப் அறிவித்திருந்தது அதைவிட அகலமான /22. குறுகலான முகவரிக் கூட்டமே எப்போதும் ஜெயிக்கும் என்பதால் உலகின் யூடியூப் ட்ராஃபிக் அந்தப் பக்கம் திரும்பிற்று. சுமார் இரண்டு மணி நேரம். கசியவிட்டவர்களைத்தான் எல்லோரும் திட்டினார்கள். என் கண் போவது அவர்களுக்கு அப்ஸ்ட்ரீமாக இருந்த பிசிசிடபிள்யூவின் பக்கம்: கஸ்டமர் சொன்னதை வடிகட்டாமல் உலகத்துக்கு ஒப்பித்தது அவர்கள் ரவுட்டர். யூடியூப் அதே /24-ஐயும், பிறகு இன்னும் குறுகலான /25-களையும் அறிவித்துப் போராடியது.

பாலிசி எழுதப்படாத வெளி இணைப்பில் எதையும் ஏற்காதே, எதையும் சொல்லாதே என்று 2017-இல் வந்த இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 8212 விதித்தது. சிஸ்கோவின் ஐஓஎஸ் எக்ஸ்ஆர் என்ற ரவுட்டர் மென்பொருள் அதற்கு முன்பே அப்படித்தான். புதிதாக வருபவர்கள் ஒரு ரூட்டும் வரவில்லையே என்று பதறி, எல்லாவற்றையும் அனுமதிக்கும் 'பாஸ்' என்ற ஒற்றைச் சொல்லை உள்ளே வைத்து ஒரு பாலிசி எழுதி, இரண்டு பக்கமும் மாட்டிவிடுவார்கள். அதைக் கண்டால் மேற்கொண்டு படிக்க எனக்கு மனம் வருவதில்லை.