சிவானந்தனின் கறுப்பு

நெய்வேலியில் எங்கள் வட்டத்து நண்பர், சுரங்கத்தில் ஓய்வு பெற்றவர். மகன் ஜெர்மனியில் பொறியாளன். அங்கே டிராமில் ஒரு கிழவர் அவனைக் கறுப்பன் என்று திட்டி, இடத்தைவிட்டு எழுந்திருக்கச் சொன்னாராம். 'நான் கறுப்பன் இல்லை, இந்தியன்' என்றிருக்கிறான் பையன். நண்பர் இதைப் பெருமையாகத்தான் சொன்னார். எனக்கு உறுத்தியது. பையன் ஆட்சேபித்தது வசவை அல்ல, அது வந்து சேர்ந்த விலாசத்தை. கறுப்பனைத் திட்டலாம், என்னைத் திட்டக்கூடாது, பொருள் அவ்வளவுதான்.

நகரியத்தில் வளர்ந்த பிள்ளைக்குத் தான் வெளியாள் என்ற நினைப்பு வர வாய்ப்பில்லை. இங்கே வெளியாள், நிலத்தைக் கொடுத்துவிட்டு ஒப்பந்தக் கூலியாக உள்ளே வருகிறவன். வெளியே நிற்பது எப்படி என்று பையன் டிராமில்தான் முதலில் கண்டிருப்பான். கண்டதும் தனக்குக் கீழே ஒருவனைத் தேடியிருக்கிறான்.

அம்பலவாணர் சிவானந்தனை மறுபடி படிக்க இது காரணமாயிற்று. 1923ல் பிறந்தவர், யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாய்க் குடும்பம். 1958 கலவரத்துக்குப் பின் கொழும்பைவிட்டு லண்டன் போனார். அதே ஆண்டு நாட்டிங் ஹில்லில் வெள்ளைக் கும்பல்கள் மேற்கிந்தியத் தீவினரைத் தாக்கின. தமிழன் என்பதற்காக அடி விழுந்த ஊரிலிருந்து, கறுப்பன் என்பதற்காக அடி விழும் ஊருக்கு வந்து சேர்ந்தார். 'நான் அவனில்லை' என்று அவரும் ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை. அந்தப் பெயரைத் தனக்கும் எடுத்துக்கொண்டார்.

இது வெறும் அனுதாபமல்ல. அவருக்குக் கறுப்பு என்பது தோலின் நிறமல்ல, அரசியலின் நிறம். ஆப்பிரிக்கரும் கரீபியரும் ஆசியரும் ஒரே காலனியச் சரித்திரத்தால் அங்கே கொண்டுவரப்பட்டவர்கள் என்ற பிரக்ஞையிலிருந்து பிறந்த பெயர் அது. இன உறவுகள் நிறுவனத்தில் நூலகராக இருந்த அவர், 1972ல் ஊழியர்கள் நிர்வாகத்தை எதிர்த்து அதைத் தம் வசமாக்கியபோது முன்னின்றார். 1974லிருந்து 'ரேஸ் அண்ட் கிளாஸ்' இதழை நடத்தினார். 1979ல் சவுத்தாலில் ஆசியப் பெண்களும் ஆப்பிரிக்க, கரீபியப் பெண்களும் சேர்ந்து தங்கள் அமைப்புக்குக் 'கறுப்புச் சகோதரிகள்' என்று பெயரிட்டது இதே அர்த்தத்தில்தான். எண்பதுகளில் மானியங்கள் இனவாரியாகப் பிரிந்து வந்தன, பெயரும் உடைந்தது. கறுப்பு என்ற பொதுப்பெயரில் ஆசியன் காணாமல் போகிறான் என்ற தாரிக் மதூதின் ஆட்சேபத்திலும் நியாயம் உண்டு. ஆனால் தனித்தனிப் பெயர்களோடு பிரிந்தவர்கள் யாரும் டிராமில் எழுப்பப்படாமல் தப்பிவிடவில்லை.

அவருடைய ஒரே நாவல் 'வென் மெமரி டைஸ்' 1997ல் வந்தது. களம் இலங்கை, மூன்று தலைமுறைக் கதை. பாத்திரங்கள் சில இடங்களில் தொழிற்சங்கக் கூட்டத்தில் பேசுவதுபோலப் பேசுகிறார்கள். அது குறைதான். ஆனால் விஜய் என்ற பையன் பிறப்பால் சிங்களவன், வளர்த்த தகப்பன் தமிழன். கட்டுரைகளில் கோட்பாடாக இருந்தது இங்கே ஒரு பிள்ளையாக நடமாடுகிறது. சொந்தம் என்பது ரத்தத்தில் இல்லை, யாரோடு நிற்கிறோம் என்பதில் இருக்கிறது.

நம் புலம்பெயர் எழுத்து இந்த இடத்துக்கு வந்ததா? சோபாசக்தியின் 'கொரில்லா' (2001) பிரான்சின் அகதி அலுவலகத்துக்கு எழுதும் மனுவாகத் தொடங்குகிறது. வலுவான தொடக்கம். ஆனால் நான் படித்தவரையில், இந்த எழுத்தின் பெரும்பகுதியில் அகதியும் வெள்ளை அதிகாரியும்தான் எதிரெதிரே நிற்கிறார்கள். அதே வரிசையில் மனுவோடு நிற்கும் ஆப்பிரிக்கன் பின்னணியாகவே வந்துபோகிறான். ஐரோப்பாவின் ஈழத்தமிழ்ப் பேச்சில் அவனுக்கு ஒரு பெயர் இருக்கிறது: காப்பிலி. அந்த ஒரு சொல்லை விசாரித்தாலே ஒரு நாவல் எழுதலாம்.

தமிழ்நாட்டிலும் நிலைமை வேறல்ல. கறுப்புச் சட்டை போட்டு ஊர்வலம் போனவர் வீட்டிலும் பெண் பார்க்கும்போது நிறம் கேட்கிறார்கள்.

'ஆமாம், கறுப்பன்தான், அதற்கென்ன' என்று உங்கள் பையன் சொல்லியிருக்க வேண்டும் என்றேன் நண்பரிடம். அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, 'அதெப்படி சார், எங்க வீட்டிலேயே அவன்தானே நல்ல சிவப்பு' என்றார்.