திரும்பிப் போக இடமில்லாத மண்

சேலத்திலிருந்து ஆத்தூர் சாலையில் அயோத்தியாப்பட்டணத்தைத் தாண்டினால் இரு பக்கமும் செம்மண் காடுகள். குச்சிக்கிழங்கும் சோளமும் நிலக்கடலையும் விளைகிற மேட்டாங்காடு. மண் ஆழமானதில்லை. கலப்பை இறங்கும் அளவுக்கு மண், அதன் கீழே சரளையும் சுக்கானும், அதற்கும் கீழே பாறை. கல்குவாரி வருவது பாறைக்காக. ஆனால் பொக்லைனின் கையில் முதலில் அகப்படுவது மேலே கிடக்கும் மண்தான்.

அதை என்ன செய்வது என்று விதி தெளிவாகவே இருக்கிறது. 1988-ல் வந்த கனிமப் பாதுகாப்பு, மேம்பாட்டு விதிகளும், அவற்றின் இடத்தில் 2017-ல் வந்த விதிகளும் சொல்வது இது: மேல்மண்ணைத் தனியாக எடுக்க வேண்டும், வேலை முடிந்த பகுதியைச் சீரமைக்க அதைப் பயன்படுத்த வேண்டும், உடனே முடியாவிட்டால் தனியாகச் சேமித்து வைக்க வேண்டும். இவை பெருங்கனிமங்களுக்கானவை. சாதாரணக் கல், சிறுகனிமம்; அதற்குத் தமிழ்நாட்டின் 1959-ஆம் ஆண்டு விதிகள் தனி. ஆனால் 2012-ல் தீபக் குமார் வழக்கில், ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குத்தகைக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, மேல்மண் பாதுகாப்பு குவாரிகளின் அனுமதி ஆணைகளுக்குள்ளும் ஒரு நிபந்தனையாக நுழைந்துவிட்டது.

நோக்கத்தில் குறையில்லை. நிலத்தின் விதை, மட்கு, நுண்ணுயிர் எல்லாம் பெரும்பாலும் மேல் ஒரு சாணுக்குள் அடக்கம். உழவர் மையங்களில் ‘வேம்’ என்று பாக்கெட்டில் விற்கிறார்களே, அந்த வேர் உட்பூசணம் அங்கே காசில்லாமல் இருக்கிறது. அந்த ஒரு சாணைக் கலக்காமல் எடுத்துக் கழிவுக்கல் மேல் பரப்பினால், உறைமோர் போலக் கீழே உள்ளதையும் உயிர்ப்பித்துவிடும். அதைச் சரளையோடு சேர்த்து வாரிவிட்டால், பிறகு எத்தனை லோடு எரு அடித்தாலும் ஈடாகாது. பிரித்து எடு என்று சட்டத்தில் எழுத வைத்ததே பெரிய வெற்றி. அமெரிக்காவில் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்களுக்கு இந்தக் கட்டாயம் 1977-ல்தான் நாடு முழுமைக்கும் வந்தது.

சிக்கல் ‘சேமித்து வை’ என்ற இரண்டாம் பாதியில் இருக்கிறது. சட்டம் மண்ணை மூட்டையில் கட்டிய சரக்காகப் பார்க்கிறது. குவியலின் உள்ளே காற்று போகாது. காற்று வேண்டிய நுண்ணுயிர்கள் சாகின்றன, அம்மோனியா தேங்குகிறது, மண்ணைத் திரும்பப் பரப்பியதும் அது நைட்ரேட்டாகி முதல் மழையிலேயே கழுவிக்கொண்டு போகிறது. வேரில்லாமல் வாழ முடியாத பூசணம் மெல்ல அற்றுப் போகிறது. ஈரம் பட்ட விதை குவியலின் ஆழத்தில் முளைவிட்டு, வெளிச்சம் காணாமல் மடிகிறது. ஜார்கண்ட் நிலக்கரி வயல்களின் மண்மேடுகளைப் பார்த்த தன்பாத் ஆய்வாளர்கள், ஆண்டு கூடக் கூடச் சத்தும் உயிரும் இறங்கிக்கொண்டே போவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அதனால்தான் இரண்டு மீட்டருக்கு மேல் குவிக்காதே, மேலே பயறுவகைச் செடி போட்டு வேர் ஓடவிடு என்று வழிகாட்டிகள் சொல்கின்றன. நம் ஊர் மேடுகளில் யாரும் சணப்பு விதைப்பதில்லை. தானாக வருவது பார்த்தீனியமும் எருக்கும் வேலிக்கருவையும். பத்தாண்டு கழித்து அந்த மண்ணை எடுத்துப் பரப்பினால் முதலில் பரவுவது பார்த்தீனிய விதைதான்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாரா காடுகளில் 1963 முதல் பாக்சைட் வெட்டும் அல்கோவா நிறுவனம் பின்பற்றும் முறையில் ஒரு பாடம் இருக்கிறது. காட்டை அழித்துச் சுரங்கம் போடலாமா என்ற சண்டை அங்கே இன்னும் ஓயவில்லை, அது வேறு கதை. அங்கே விதை இருக்கும் மேல் அடுக்கைத் தனியாக வழிக்கிறார்கள். முடிந்தவரை குவிக்காமல், வேலை முடிந்த வேறொரு குழிக்கு நேராகக் கொண்டுபோய்ப் பரப்புகிறார்கள். குவித்து வைத்த மண்ணைவிட நேராகப் போன மண்ணில் அதிக வகைச் செடிகள் முளைக்கின்றன. ஆக, ஒரு சுரங்கத்தை எடைபோடக் கேட்க வேண்டிய கேள்வி, மண்மேடு இருக்கிறதா என்பது அல்ல. வழித்த நாளுக்கும் பரப்பிய நாளுக்கும் இடையே எவ்வளவு காலம் என்பது.

இந்தக் கேள்வியோடு அயோத்தியாப்பட்டணத்துக்குத் திரும்பினால் கணக்கு உதைக்கிறது. ஒரு ஹெக்டேர் குவாரியை எடுத்துக்கொள்வோம்: நூறு மீட்டருக்கு நூறு மீட்டர். எல்லையிலிருந்து 7.5 மீட்டர் பாதுகாப்புப் பட்டை விட்டால் குழிக்கு 7,225 சதுர மீட்டர். அதில் 30 சென்டிமீட்டர் மண் வழித்தால் சுமார் 2,170 கனமீட்டர். தோண்டிய மண் உப்பும், அதனால் 2,600 என்று வைக்கலாம். லாரிக்காரர் கணக்கில் சுமார் 900 யூனிட், மூன்று யூனிட் டிப்பரில் முந்நூறு நடை. இதை எங்கே வைப்பது? குழிக்கு வெளியே இருப்பது அந்த 7.5 மீட்டர் பட்டைதான். இரண்டு மீட்டர் உயரத்தில் சரிவு விட்டுக் குவித்தால் பட்டையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை மண்ணே பிடித்துக்கொள்ளும். அதே பட்டையில்தான் பசுமை வளையமும் வைக்க வேண்டும் என்கிறது அனுமதி ஆணை. மேட்டின் மேலேயே மரம் வைக்கலாம். வைத்தால், குவாரி முடியும்போது மண்ணை எடுக்க மரத்தை வெட்ட வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளையும் எழுதியவர்கள் ஒரு வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு எழுதியதாகத் தெரியவில்லை.

சரி, எப்படியோ காத்து வைத்தாகிவிட்டது. குவாரி முடிந்ததும் எதன்மேல் பரப்புவது? கல் முழுவதும் ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் லாரி ஏறிப் போய்விட்டது. குழியை நிரப்பக் கழிவே இல்லை. மிஞ்சுவது செங்குத்துச் சுவரும் அடியில் தேங்கிய நீரும். மூடல் திட்டங்களே பல குழிகளை ‘நீர்த்தேக்கம்’ என்றுதான் எழுதுகின்றன. நீர்த்தேக்கத்துக்கு மேல்மண் எதற்கு? அதனால்தான் அது மனைக்கட்டு நிரப்பவும் சாலையோரம் மேடு போடவும் போய்விடுகிறது. ‘கல் மற்றும் கிராவல்’ என்று சேர்த்தே குத்தகை வாங்கும்போது, எந்த மண் கிராவல், எந்த மண் மேல்மண் என்று பிரித்துப் பார்க்க நடைச்சீட்டில் இடமில்லை.

சேலத்தின் மறுபக்கத்தில் நிலைமை தலைகீழ். கருப்பூர்ப் பக்கம், பெரியார் பல்கலைக்கழகத்தை ஒட்டிய வெள்ளைக் கரடுகளில் நூறாண்டுக்கும் மேலாக மேக்னசைட் வெட்டியிருக்கிறார்கள். அங்கே தாது மெல்லிய நரம்பாக ஓடுகிறது. தோண்டியதில் பெரும்பகுதி கழிவு. மண் போர்த்த மலைமலையாக இடம் கிடக்கிறது, போர்த்தத்தான் மண் இல்லை. மெக்னீசியம் மிகுந்து சுண்ணாம்புச் சத்துக் குறைந்த கல்லில் எளிதில் எதுவும் பிடிக்காது. மேடுகளில் பல, மேல்மண் விதி பிறப்பதற்கு முன்பே எழுந்தவை. ஒரே மாவட்டத்தில் ஒரு பக்கம் மண் இருக்கிறது, போக இடமில்லை. சில மைல் தள்ளி இடம் இருக்கிறது, மண்ணில்லை. ஒவ்வொரு குத்தகையையும் தனித்தீவாகப் பார்க்கும் விதிக்கு இது கண்ணில் படாது.

விதி பொருந்தி வருகிற இடம் நெய்வேலி. 1957-ல் தோண்டத் தொடங்கி 1961-ல் பழுப்பு நிலக்கரியைத் தொட்ட சுரங்கம் அது. முன்னால் வெட்டிய மேல்படிவம் கன்வேயரில் பின்னால் போய், நிலக்கரி எடுத்த பள்ளத்தை நிரப்புகிறது. குழி நகர்ந்துகொண்டே இருப்பதால் மண்ணைக் காக்க வைக்காமல் பரப்ப வழி உண்டு. நிரப்பிய நிலத்தில் காடும் வயலும் வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் பல பத்து மீட்டர் ஆழத்து மணலும் களியும் புரண்டு மேலே வந்த நிலம், பழைய நஞ்சைக்கு நிகராகிவிடாது. நிலத்தைக் கொடுத்த குடும்பங்கள் அதில் மறுபடி ஏர் பூட்டவும் இல்லை. மண் உயிர்த்தது என்பதை மட்டும் வைத்து மீட்பு நடந்துவிட்டது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், சுரங்கம் முடிந்த நிலத்தில் கால்நடைக்குத் தீவனம் ஆகும்படி புல் வளர்த்துத் தர வேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனையாக்கச் சொன்னது. ஆடு வந்து மேய்கிறதா என்பது ஆய்வறிக்கையைவிட நல்ல அளவுகோல்.

அயோத்தியாப்பட்டணம் போன்ற கல் பூமிக்கு நான் கேட்பது இதுதான்: திரும்பப் போக இடமில்லாத குவாரியில் மேல்மண்ணைச் சேமிக்கும் நாடகத்தை நிறுத்திவிட்டு, வழித்த அதே பருவத்தில் அதைப் பக்கத்து மேட்டாங்காட்டுக்கோ, பழைய கழிவுமேட்டுக்கோ போகவிட வேண்டும். இது புது வழியும் இல்லை. ஏரி வண்டலை விவசாயிகளும் மண்பாண்டம் செய்வோரும் இலவசமாக அள்ளிக்கொள்ள 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தருகிறார். நீருக்கடியில் கிடக்கும் மண்ணுக்குக் கிடைத்த இந்த வசதி, குவாரி ஓரம் பார்த்தீனியம் சுமந்து கிடக்கும் மண்ணுக்கு ஏன் கூடாது?

எதிர்ப்பு என்ன வரும் என்று தெரியும். வெளியே போகலாம் என்று ஒரு வரி எழுதினால், மறுநாளே விவசாயத்தின் பேரில் மனைக்கட்டுக்கு லோடு ஓடும். வண்டல் திட்டத்திலும் இந்தப் புகார் உண்டு. நியாயமான பயம். ஆனால் இப்போதும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, கணக்கில்லாமல். நடைச்சீட்டில் மண் இறங்கும் சர்வே எண்ணையும் எழுத வைத்து, முந்நூறு நடையும் எந்தக் காட்டில் இறங்கின என்று கிராம நிர்வாக அலுவலர் ஒரு நாள் போய்ப் பார்த்தால் போதும். இறங்கிய மண்ணில் அடுத்த ஆடிப்பட்டத்துக்குள் ஏதாவது விதைத்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையையும் சேர்க்கலாம்.