ஐயக்கிளவியும் அரசின் தேற்றமும்: ஈராக் போர் பற்றிய பிரித்தானிய ஆவணங்களின் மொழி

அரசியல் மொழியை ஆராய்ந்தோர் பெரும்பாலும் ஒரே குற்றச்சாட்டைப் பல வகையாகக் கூறிவந்துள்ளனர். ஆள்வோர் தெளிவாகப் பேசுவதில்லை. செயப்பாட்டுவினையால் வினைமுதலை மறைக்கின்றனர். குண்டுவீச்சை நடவடிக்கை என்றும் தோல்வியைப் பின்னடைவு என்றும் பெயர் மாற்றி அழைக்கின்றனர் என்பது அது. ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் வெளியிட்ட ‘அரசியலும் ஆங்கில மொழியும்’ என்னும் கட்டுரைக்குப் பின் இக்கருத்து ஏறத்தாழ ஒரு விதியாகவே கொள்ளப்படுகிறது. இதில் உண்மை உண்டு. ஆயினும் 2003ஆம் ஆண்டு ஈராக் போரையொட்டிப் பிரித்தானிய மக்களுக்குத் தம் அரசின் அயலுறவுக் கொள்கையிலும், கட்சிகளிலும், அமெரிக்க நட்புறவிலும் ஏற்பட்ட நம்பிக்கை முறிவை இவ்விதியைக் கொண்டு விளக்க முற்பட்டால் ஆய்வு வழிதவறும். அங்கே மக்கள் முன் வைக்கப்பட்ட மொழி மங்கலானதன்று. அது மிகத் தெளிவானது. தெளிவாக இருப்பதற்கு உரிமையற்ற இடத்தில் தெளிவாக இருந்தது.

தமிழிலக்கண மரபில் ஐயத்தைச் சொல்லும் முறை இலக்கணத்திற்குள்ளேயே வைத்துப் பேசப்படுகிறது என்பது இங்கு நினைக்கத்தக்கது. ஒரு பொருள் உயர்திணையா அஃறிணையா எனத் துணியப்படாதபோது அதனை எச்சொல்லால் குறிக்கவேண்டும் என்பதற்குத் தொல்காப்பியக் கிளவியாக்கம் விதி வகுக்கிறது. தொலைவில் மங்கலாகத் தோன்றுவது மரக்கட்டையா மனிதனா என்று அறியாதவன், அறியும் வரை அதனை ‘உருவு’ என்னும் பொதுச்சொல்லால் சுட்டவேண்டும் என்பர் உரையாசிரியர். துணிந்த பின் மற்றொன்றை மறுத்துக் கூறும் முறைக்கும் அங்கே இடமுண்டு. இடையியல், உம்மைக்கு ஐயப்பொருளையும் ஏகாரத்திற்குத் தேற்றப்பொருளையும் தனித்தனியே ஓதுகிறது. இன்றைய பேச்சுவழக்கில் ‘வந்தான்’ என்பதற்கும் ‘வந்தானாம்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சிறு குழந்தையும் அறியும். ‘ஆம்’ ஒட்டைச் சேர்ப்பவன் தயங்குபவன் அல்லன். தான் நேரில் கண்டிலன் என்னும் செய்தியையும் சேர்த்துச் சொல்பவன். அவ்வொட்டு உதிர்ந்தால் வாக்கியம் சுருங்குவதோடு நில்லாது, வேறொரு வாக்கியமாகிவிடும்.

2002 செப்டம்பர் 24 அன்று பிரித்தானிய அரசு வெளியிட்ட ஆவணத்தை இந்நோக்கில் படித்தல் பயனுடையது. அதன் தலைப்பைத் தமிழில் ‘ஈராக்கின் பேரழிவு ஆயுதங்கள்: பிரித்தானிய அரசின் மதிப்பீடு’ எனலாம். ஈரிடத்தும் வருவது ஆறாம் வேற்றுமையே. செய்யும் பணியோ வேறு. ‘ஈராக்கின் ஆயுதங்கள்’ என்ற தொடர், ஆயுதங்கள் உள்ளன என்பதை வாதிடவில்லை. உள்ளன என்று வைத்துக்கொண்டு மேலே செல்கிறது. ‘இன்’ உருபு குறிக்கும் கிழமைப் பொருளிலேயே நிறுவவேண்டியது நிறுவப்பட்டுவிட்டது. ‘மதிப்பீடு’ என்னும் சொல் மட்டுமே, இது ஒருவர் எடைபோட்டுச் சொல்வது, கண்டு சொல்வதன்று என்னும் குறிப்பைத் தாங்கி நிற்கிறது. பிரதமர் டோனி பிளேர் எழுதிய முன்னுரை அக்குறிப்பையும் நீக்கியது. சதாம் உசேன் வேதியியல், உயிரியல் ஆயுதங்களைத் தொடர்ந்து உற்பத்தி செய்துவருவதை உளவுத் தகவல்கள் ஐயத்திற்கு இடமின்றி நிலைநாட்டியுள்ளன எனத் தாம் நம்புவதாக அவர் அதில் எழுதினார். நம்புதல் தன்னிலைக்குரியது, ஐயமின்மை பொருள்நிலைக்குரியது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்தபோது படிப்போர் நினைவில் தங்கியது பின்னதே.

நாற்பத்தைந்து நிமிடம் பற்றிய கூற்று பலராலும் பேசப்பட்டதாயினும் மொழி நோக்கில் இன்னும் விரிவாகப் பார்க்கத்தக்கது. ஆணையிட்ட 45 நிமிடங்களுக்குள் ஈராக் இவ்வாயுதங்களைப் பயன்படுத்த ஆயத்தமாக முடியும் என்பது முன்னுரை உட்பட ஆவணத்தில் நான்கு இடங்களில் வருகிறது. முந்தைய வரைவு ஒன்றில் இக்கூற்று ‘முடியக்கூடும்’ என்னும் பொருள்படவே அமைந்திருந்தது. 2003இல் நடந்த ஹட்டன் விசாரணையில் வெளிவந்த குறிப்புகளின்படி, பிரதமரின் தகவல்தொடர்பு இயக்குநர் அலஸ்டர் கேம்பெல், கூட்டு உளவுக் குழுவின் தலைவர் ஜான் ஸ்கார்லெட்டுக்கு அனுப்பிய கருத்துரையில், உள்பகுதியிலுள்ள ‘கூடும்’ என்ற சொல் சுருக்கவுரையில் உள்ளதைவிட வலிமை குன்றியுள்ளது என்று சுட்டினார். உள்பகுதி திருத்தப்பட்டது. ஒரு பதிப்பாசிரியரின் கண்ணுக்கு இதில் தவறேதும் தோன்றாது. ஒரே நூலில் ஒரே செய்தி இரு வலிமையில் இருத்தல் முரணே. ஆனால் முரணை நீக்க இரண்டு வழிகள் உண்டு. வலிய கூற்றை மெலிதாக்கலாம். மெலிய கூற்றை வலிதாக்கலாம். சான்று எவ்வளவு தாங்கும் என்பதை வைத்துத் தீர்மானிக்க வேண்டிய இவ்விடத்தில் பக்கங்களுக்கிடையிலான ஒருமைப்பாடே அளவுகோலாயிற்று. 2004 ஜனவரியில் ஹட்டன் அரசின் மீது சுமத்தப்பட்ட பெரிய குற்றச்சாட்டை ஏற்கவில்லை. எனினும் வலிமையான ஆவணம் வேண்டும் என்னும் பிரதமரின் விருப்பம் குழுவினர் அறியாமலே அவர்கள் சொல்லாட்சியைப் பாதித்திருக்கலாம் என்பதற்கு இடம் கொடுத்தார்.

அக்கூற்றில் மற்றொரு குறையும் உண்டு. எந்த ஆயுதம் என்பது அதில் இல்லை. மூலத்தகவல் போர்க்களத்தில் பயன்படும் குண்டுகளைப் பற்றியது எனக் கருதப்பட்டது. தொலைதூர ஏவுகணைகளைப் பற்றியதன்று. ‘ஆயுதங்கள்’ என்னும் பொதுச்சொல் இரண்டையும் அடக்கும். சில நாளிதழ்கள் சைப்ரஸ் தீவிலுள்ள பிரித்தானியத் தளங்களுக்கே ஆபத்து என்னும்படி தலைப்பிட்டன. தொல்காப்பியம் சொல்லும் ‘உருவு’ ஐயத்தை வெளிப்படையாக அறிவிக்கும் பொதுச்சொல். இங்கு வந்த பொதுச்சொல்லோ அறிந்த வரையறையை மறைத்தது. பொதுச்சொற்கள் எல்லாம் ஒரே அறத்தன அல்ல என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. எதைக் குறிக்கிறது என்று சொல்லாமல் இக்கூற்றைச் சேர்த்திருக்கக்கூடாது என்றே 2004 ஜூலையில் பட்லர் குழுவும் கூறியது. உளவுக் குழுவின் உள்அறிக்கைகளில் இருந்த எச்சரிக்கைத் தொடர்கள் மக்களுக்கான ஆவணத்தில் இடம்பெறாமற் போனதையும் அக்குழு குறையாகக் கண்டது. அதே ஆண்டு இறுதிக்குள் ஈராக் ஆய்வுக் குழு, ஆயுதக் குவியல்கள் எவையும் இல்லை என்று அறிக்கை தந்துவிட்டது.

சட்ட ஆவணங்களிலும் இதே போக்கைக் காணலாம். ஐ.நா. பாதுகாப்பு அவை 1990இல் நிறைவேற்றிய 678ஆம் தீர்மானம், தேவையான எல்லா வழிகளையும் கையாள உறுப்பு நாடுகளுக்கு அதிகாரம் அளித்தது. 2002 நவம்பர் 8 அன்று 15 உறுப்பினரும் ஒருமனதாக ஏற்ற 1441ஆம் தீர்மானத்தில் அச்சொற்கள் இல்லை. ‘கடும் விளைவுகள்’ என்பதே இருந்தது. விளைவுகளை விளைவிப்பவர் யார் என்பது கூறப்படவில்லை. ஆர்வெல் வழியினர் இதனை உடனே பழிப்பர். ஆனால் அம்மங்கல் இல்லையேல் பதினைந்து கைகள் உயர்ந்திரா. எல்லாரும் அது மங்கலென்று அறிந்தே ஒப்பினர். கேடு பின்னர் வந்தது. தலைமை வழக்கறிஞர் கோல்ட்ஸ்மித் 2003 மார்ச் 7 அன்று பிரதமருக்கு அளித்த 13 பக்க அறிவுரை, பழைய தீர்மானத்தின் அதிகாரம் மீண்டும் உயிர்பெறும் என நியாயமாக வாதிட முடியும் என்றது; எனினும் புதிய தீர்மானம் பெறுவதே பாதுகாப்பான வழி என்றும், நீதிமன்றம் இவ்வாதத்தை ஏற்கும் என உறுதியாகச் சொல்ல இயலாது என்றும் சேர்த்தது. பத்து நாள் கழித்து, மார்ச் 17 அன்று, நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்ட சிறிய எழுத்துவிடையில் முடிவு மட்டும் இருந்தது, ‘எனினும்’கள் இல்லை. முழு அறிவுரை 2005 ஏப்ரல் இறுதியில், பொதுத்தேர்தலுக்குச் சில நாட்களே இருந்தபோது, மக்கள் பார்வைக்கு வந்தது.

மக்களிடம் தேற்றமாகப் பேசிய அரசு, நட்பு நாட்டிடம் எவ்வாறு பேசியது என்பது 2016இல்தான் தெரிந்தது. 2002 ஜூலை 28 அன்று பிளேர் அமெரிக்க அதிபர் புஷ்ஷுக்கு எழுதிய குறிப்பு, என்ன நேர்ந்தாலும் உங்களுடன் இருப்பேன் என்னும் பொருள்படத் தொடங்குகிறது. தமிழில் ‘நேர்ந்தால்’ என்பது நிபந்தனை. ‘நேர்ந்தாலும்’ என்றவுடன் ஓர் உம்மை அந்நிபந்தனையை அழித்துவிடுகிறது. முன்னே ‘என்ன’ என்னும் வினாச்சொல் நிற்பதால் எஞ்சிய நிபந்தனைகளும் முற்றாக அடங்கிவிடுகின்றன. குறிப்பின் பிற்பகுதியில் பிளேர் பல தடைகளையும் தேவைகளையும் எடுத்துரைத்தார் என்பதும் உண்மையே. ஆயின் முதல் வரியில் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டவனுக்குப் பின்வரும் வரிகளில் பேரம் பேச என்ன இருக்கும்? அதே கோடையில் மக்களுக்குச் சொல்லப்பட்டது, முடிவு எதுவும் எடுக்கப்படவில்லை என்பது. தமிழில் தேர்தல் உடன்பாட்டுக்கும் போர் உடன்பாட்டுக்கும் ‘கூட்டணி’ என்ற ஒரே சொல் வழங்குகிறது. கூட்டணி நிபந்தனைக்குட்பட்டது, முறியக்கூடியது என்பது இச்சொல்லைக் கேட்கும் எந்தத் தமிழ் வாக்காளனுக்கும் தெரியும்.

2003 பிப்ரவரி 15 அன்று லண்டன் தெருக்களில் பெருந்திரளாக மக்கள் ஊர்வலம் சென்றனர். மார்ச் 18 அன்று தொழிற்கட்சி உறுப்பினர் 139 பேர் தம் அரசுக்கு எதிரான திருத்தத்திற்கு வாக்களித்தனர். எனினும் முதன்மை எதிர்க்கட்சியான பழமைவாதக் கட்சியின் பெரும்பான்மையோர் அரசின் பக்கம் நின்றமையால் தீர்மானம் 412க்கு 149 என்ற கணக்கில் நிறைவேறியது. இரு பெருங்கட்சிகளும் ஒரே குரலில் பேசும்போது எதிர்ப்பவனுக்கு வாக்குச்சீட்டில் சொல் இல்லை. 2001இல் 40.7 விழுக்காடு பெற்ற தொழிற்கட்சி 2005இல் 35.2 விழுக்காட்டோடு ஆட்சியைத் தக்கவைத்ததை இப்பின்னணியில் பார்க்கவேண்டும். வாக்கு குறைந்ததற்குப் போர் ஒன்றே காரணமன்று. ஐயத்தைத் தக்கவைத்துப் பேசிய ஒருவரும் அவையில் இருந்தார். மார்ச் 17 அன்று அமைச்சரவையிலிருந்து விலகிய ராபின் குக், வழக்கமான பொருளில் பேரழிவு ஆயுதம் என்று சொல்லத்தக்கது ஈராக்கிடம் அநேகமாக இராது என்றார். ‘வழக்கமான பொருளில்’ என்று சொல்லை வரையறுத்தார்; ‘அநேகமாக’ என்று தம் அறிவின் எல்லையைக் காட்டினார். ஓர் இலக்கண ஆசிரியன் கேட்கக்கூடியது அவ்வளவே.

இந்திய நாடாளுமன்றமும் அவ்வாண்டு ஏப்ரலில் இப்போர் பற்றித் தீர்மானம் இயற்றியது. கண்டிப்பதா, வருந்துவதா என்பதே கட்சிகளுக்கிடையே வழக்கு. இந்தி வாசகத்தில் ‘நிந்தா’ என்ற சொல்லும், ஆங்கிலத்தில் அதனினும் மெலிய ‘டெப்ளோர்’ என்ற சொல்லும் அமைந்து வழக்கைத் தீர்த்தன. எதிர்க்கட்சியினர் இந்தியில் படித்தனர். அரசு ஆங்கிலத்தில் படித்தது. தமிழில் ‘நிந்தனை’ வசைக்கு நெருங்கியது என்பதால், இத்தீர்மானத்தைத் தமிழாக்குபவர் மூன்றாவது ஒரு நிலைப்பாட்டை உண்டாக்கிவிடும் வாய்ப்பும் இருந்தது.

2016 ஜூலை 6 அன்று வெளிவந்த சில்காட் அறிக்கை 12 தொகுதிகள், ஏறத்தாழ 26 லட்சம் சொற்கள் கொண்டது. அமைதி வழிகள் தீருமுன்னரே போர் தொடங்கப்பட்டது என்பது அதன் முடிவு. ஈராக்கின் அச்சுறுத்தல் பற்றிய மதிப்பீடுகள் தகுதியற்ற உறுதியோடு முன்வைக்கப்பட்டன என்றும் அது கூறியது. ‘முன்வைக்கப்பட்டன’: எவரால்? உள்தொகுதிகளில் பெயர்கள் உண்டு; உலகெங்கும் மேற்கோளான அவ்வாக்கியத்தில் வினைமுதல் இல்லை. ஆர்வெலின் குற்றச்சாட்டு 2002 ஆவணத்தைவிட அதனை விசாரித்த அறிக்கைக்கே மிகுதியும் பொருந்துவது விந்தை.

இழப்பின் அளவு வேறோரிடத்தில் வெளிப்பட்டது. 2013 ஆகஸ்டு 21 அன்று டமாஸ்கஸ் புறநகரான கூத்தாவில் நச்சுவாயுத் தாக்குதல் நிகழ்ந்தது. கூட்டு உளவுக் குழு இம்முறை தன் மதிப்பீட்டை ஐயச்சொல்லோடே வெளியிட்டது: சிரிய அரசே பொறுப்பு என்பது ‘மிகவும் நிகழத்தக்கது’ என்றது. பிரதமர் கேமரூனும் நூற்றுக்கு நூறு உறுதி என ஒன்றில்லை, ஒரு முடிவுக்கு வரவேண்டியுள்ளது என்று அவையில் ஒப்பினார். ஆகஸ்டு 29 அன்று அரசின் தீர்மானம் 272க்கு 285 என்ற கணக்கில் தோற்றது. அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஈராக்கின் நினைவு அவற்றுள் ஒன்று என்பதை அன்றைய விவாதமே காட்டும். நச்சுவாயு பயன்பட்டது உண்மை என ஐ.நா. ஆய்வாளர் செப்டம்பரில் உறுதிப்படுத்தினர். ஐயச்சொல் உதிர்ந்த ஆவணம் பொய்யாயிருந்தும் அவையில் வென்றது. ஐயச்சொல்லைத் தாங்கிய ஆவணம், அதன் அடிப்படைச் செய்தி மெய்யாயிருந்தும், கேட்போரை இணங்கவைக்கவில்லை. முதலாவதைக் கேட்டு ஏமாந்த செவிக்கு இரண்டாவதன் ‘கூடும்’ நேர்மையாக ஒலிக்கவில்லை, வலுவின்மையாகவே ஒலித்தது.

பின்னாளில் பிரித்தானிய மதிப்பீட்டாளர் இச்சொற்களுக்கு விழுக்காட்டு அளவுகளைக் கட்டினர்: ‘நிகழத்தக்கது’ 55 முதல் 75 வரை, ‘மிகவும் நிகழத்தக்கது’ 80 முதல் 90 வரை, ‘ஏறத்தாழ உறுதி’ 95க்கு மேல். இத்தகைய ஆவணம் தமிழ்ச் செய்தியாகும்போது இப்படிநிலைகளைச் சுமக்க ‘லாம்’, ‘கூடும்’ என்னும் இரண்டே வடிவங்கள் பெரும்பாலும் எட்டுகின்றன. தலைப்பின் இடநெருக்கடியில் அவ்விரண்டும் உதிர்ந்து இறந்தகால வினைமுற்று எஞ்சுகிறது.