வானொலி கேட்காத வாசகர்கள்

1964 நவம்பரில் நடந்த அமெரிக்க அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் பேரி கோல்ட்வாட்டருக்குக் கிடைத்தவை ஆறே மாநிலங்கள். அதே மாத ‘ஹார்ப்பர்ஸ்’ இதழில் வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் ஹாஃப்ஸ்டாட்டரின் கட்டுரை ஒன்று வந்தது. எதிலும் சதியைக் காணும் ஒருவகைச் சித்தப்பிரமை அமெரிக்க அரசியலில் அவ்வப்போது தலைதூக்குகிறது என்பது அதன் சாரம். மருத்துவப் பொருளில் அந்தச் சொல்லைக் கையாளவில்லை என்று அவர் முன்னெச்சரிக்கையாகச் சொல்லியிருந்தார். வாசித்தவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கட்டுரையை நோயறிக்கையாகவே எடுத்துக்கொண்டார்கள். தேர்தலோடு நோயும் போயிற்று என்று நம்பினார்கள். பதினாறு ஆண்டுகள் கழித்து அதிபர் தேர்தலில் வென்ற ரொனால்ட் ரீகன், கோல்ட்வாட்டருக்காகத் தொலைக்காட்சியில் பேசித்தான் அரசியலில் பெயர் பெற்றிருந்தார்.

இங்கே ஒரு சொல்விளக்கம் தேவை. அமெரிக்காவில் ‘லிபரல்’ என்றால் தாராளமயத்தின் ஆதரவாளர் என்று பொருளில்லை. நலத்திட்டங்கள், கறுப்பின மக்களின் உரிமை, அரசின் கட்டுப்பாடு ஆகியவற்றின் பக்கம் நிற்பவரை அப்படி அழைக்கிறார்கள். அந்த லிபரல்கள் தங்கள் எதிரணியைப் பற்றி எழுதிக் குவித்தவை இன்று ஒரு தனித்துறை. பகையுணர்ச்சியே அந்தத் துறையின் பெருங்குறை என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதை எழுதியவர்கள் எல்லோரும் வாசகர்கள். அவர்கள் எழுதவந்த அமெரிக்காவோ வானொலி கேட்டுக்கொண்டிருந்தது.

ஹாஃப்ஸ்டாட்டருக்குப் பிறகு துறை நெடுங்காலம் தூங்கியது. பழமைவாதத்தை வரலாற்றாசிரியர்கள் அநாதையாக விட்டுவிட்டார்கள் என்று ஆலன் பிரிங்க்லி 1994-இல் எழுதியபோதுதான் விழிப்பு வந்தது. 2001-இல் இரண்டு நூல்கள் வெளிவந்தன. லிசா மெக்கர் கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுன்டிக்குள் புகுந்து பார்த்தார். அங்கே அவர் கண்டது பைத்தியங்களை அல்ல. ஆயுதத் தொழிற்சாலைச் சம்பளத்தில் புறநகர் வீடு வாங்கி, வரவேற்பறையில் காபி கொடுத்துக் கட்சி வளர்த்த குடும்பங்களை. ரிக் பெர்ல்ஸ்டைனோ கோல்ட்வாட்டரின் தோல்வியை ஒரு தொடக்கமாகச் சொன்னார். அவர் அதன்பின் நிக்சனையும் ரீகனையும் தொடர்ந்து, 2020-இல் நான்காவது பெரும் நூலோடு வரிசையை முடித்தார். பழைய செய்தித்தாள் நெடி வீசும் எழுத்து. துறைக்கு உயிர் கொடுத்தவர் அவர் என்றால் மிகையில்லை.

இந்த மலர்ச்சியிலும் ஒரு சாய்வு இருந்தது. 1955-இல் ‘நேஷனல் ரிவியூ’வைத் தொடங்கிய வில்லியம் பக்லி எல்லோருடைய கதையிலும் நாயகரானார். காரணம் எளிது. தங்களைப் போலவே இதழ் நடத்தி, தங்களைப் போலவே நக்கலாக எழுதிய எதிரியை லிபரல்களால் புரிந்துகொள்ள முடிந்தது. 1962-இல் தீவிர வலதுசாரி அமைப்பான ஜான் பர்ச் சங்கத்தின் நிறுவனர் ராபர்ட் வெல்ச்சை பக்லி கண்டித்ததை, தீவிரர்கள் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட காட்சியாகவே எழுதிவந்தார்கள். அவர்கள் வாசல் திண்ணையைத் தாண்டிப் போகவே இல்லை என்பது ட்ரம்ப் வந்த பிறகுதான் உறைத்தது. வலதுசாரிகளைப் புரிந்துகொண்டதாக நினைத்திருந்தேன், தவறிவிட்டேன் என்று 2017-இல் பெர்ல்ஸ்டைனே எழுதினார். இந்தத் துறையில் அத்தகைய ஒப்புதல் அபூர்வம்.

களத்துக்குப் போனவர்களும் உண்டு. ஏழைகள் தங்கள் நலனுக்கு எதிராகவே வாக்களிக்கிறார்கள் என்று தாமஸ் ஃப்ராங்க் 2004-இல் தம் சொந்த மாநிலமான கான்சாஸை வைத்து எழுதினார். நல்ல நையாண்டி, ஆனால் அடுத்தவர் நலனை அவரைவிட நாம் நன்கறிவோம் என்ற தோரணை அதில் உண்டு. தரவுகள் அந்த வாதத்துக்கு ஒத்துவரவில்லை என்று லாரி பார்ட்டெல்ஸ் மறுத்தார். ஆர்லி ஹோக்ஷில்ட் வேறு வழியில் போனார். பெர்க்லியின் சமூகவியலாளரான அவர் ஐந்தாண்டுகள் லூசியானாவுக்குப் போய்வந்தார். ஆலைக்கழிவால் ஆறும் மீனும் கெட்ட ஊரில், சுற்றுச்சூழல் துறையையே வெறுக்கும் மனிதர்களோடு உட்கார்ந்து பேசினார். அவர்களுடைய மனக்கதையை 2016-இல் வந்த நூலில் ஒரு வரிசையாக வரைந்தார்: பொறுமையாக நிற்கிறோம், வரிசை நகரவில்லை, முன்னால் யாரோ இடையில் புகுகிறார்கள், அரசு அவர்களுக்குக் கைகொடுக்கிறது. வரிசையில் நின்று பழகிய எவருக்கும் இந்தக் கோபத்தை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இடையில் புகுகிறார்கள் என்று நாள்தோறும் வரிசைக்குச் சொல்லிக்கொண்டிருந்த குரல் யாருடையது என்பதை அவர் நீண்டு ஆராயவில்லை.

அந்தக் குரலைப் பற்றிய வழக்கமான கதை இது. ஒலிபரப்பாளர்கள் பொதுப் பிரச்சினைகளில் மறுதரப்புக்கும் இடம் தர வேண்டும் என்ற 1949-ஆம் ஆண்டின் நியாயக் கோட்பாடு 1987-இல் நீக்கப்பட்டது. மறு ஆண்டே வலதுசாரி வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பா நாடெங்கும் ஒலித்தார். 1996-இல் ஊடக அதிபர் மர்டாக்கும் ரோஜர் ஐல்ஸும் ஃபாக்ஸ் நியூஸ் தொலைக்காட்சியைத் தொடங்கினார்கள். வரலாற்றாசிரியர் நிக்கோல் ஹெம்மர் 2016-இல் வெளியிட்ட நூலில் இந்தக் கதையை உடைத்தார். கிளாரன்ஸ் மேனியன் 1954-லேயே வலதுசாரி வானொலி நிகழ்ச்சி நடத்தியவர். அந்த ஊடகம் கோட்பாடு இருந்தபோதே பிறந்து வளர்ந்தது. ஊடகங்கள் லிபரல் பக்கம் சாய்ந்தவை என்ற புகாரை அதுதான் ஊட்டி வளர்த்தது.

கோட்பாட்டுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1964-இல் கோல்ட்வாட்டரைத் தாக்கி நூல் எழுதிய ஃப்ரெட் குக் என்ற லிபரல் பத்திரிகையாளரை, மதபோதகர் பில்லி ஜேம்ஸ் ஹார்கிஸ் வானொலியில் சாடினார். பதிலளிக்க இலவச நேரம் கேட்டார் குக். அதை ஒலிபரப்பிய, பென்சில்வேனியாவின் ரெட் லயன் ஊரிலிருந்த நிலையம் மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 1969-இல் குக்கின் பக்கம் தீர்ப்பானது. வலதுசாரி நிலையங்களை நெருக்க ஜனநாயகக் கட்சியினர் இத்தகைய புகார்களைத் தூண்டிவிட்டார்கள் என்பதை ஃப்ரெட் ஃப்ரெண்ட்லி 1970களில் வெளிக்கொண்டுவந்தார். வலதுசாரிகள் இதை மறக்கவில்லை. லிபரல் வருணனையில் இது அடிக்குறிப்பாகக்கூட அரிதாகவே வருகிறது.

நையாண்டியின் கதி தனி. நகைச்சுவையாளர் ஸ்டீபன் கோல்பேர் ஃபாக்ஸ் பேச்சாளர்களைப் போல வேடமிட்டு ஒன்பது ஆண்டுகள் நிகழ்ச்சி நடத்தினார். அவர் நகைச்சுவை செய்வதுபோல் நடிக்கிறார், சொல்வதை உண்மையாகவே நம்புகிறார் என்று பழமைவாத ரசிகர்கள் எண்ண அதிக வாய்ப்புண்டு எனக் கண்டது 2009-இல் வந்த ஓர் ஆய்வு. இரு தரப்பும் சிரித்தன, வெவ்வேறு விஷயத்துக்கு.

துறையின் அடுத்த சோதனை நீதிமன்றத்திலிருந்து வந்தது. 2020 தேர்தலில் வாக்கு எந்திரங்கள் மோசடி செய்தன என்ற பொய்யைப் பரப்பியதற்காக டொமினியன் நிறுவனம் தொடுத்த வழக்கை, 2023 ஏப்ரலில் 78 கோடியே 75 லட்சம் டாலர் கொடுத்து ஃபாக்ஸ் முடித்துக்கொண்டது. அதற்குமுன் வெளியான உள்செய்திகளில், தொகுப்பாளர்களே அந்தக் கதையைத் தனிப்பேச்சில் நம்பவில்லை என்பது தெரிந்தது. அரிசோனாவில் பைடன் வென்றார் என்று ஃபாக்ஸ் அறிவித்ததும் நேயர்கள் போட்டி அலைவரிசையான நியூஸ்மேக்ஸ் பக்கம் ஓடிவிடுவார்களோ என்ற நடுக்கம் அவர்களுக்கு. ஃபாக்ஸ் மக்களை ஏமாற்றுகிறது என்று இருபது ஆண்டுகளாக எழுதியவர்களுக்கு இது வெற்றிதான். ஆனால் பாதி வெற்றி. நேயர்களும் ஃபாக்ஸை இழுத்துக்கொண்டு போனார்கள் என்பது அந்தச் செய்திகளிலேயே இருக்கிறது. அந்தப் பாதியை யாரும் இன்னும் முழுதாக எழுதவில்லை என்பது என் கணிப்பு.

இந்தத் துறைக்குள் நுழைய விரும்புகிறவர் கோல்ட்வாட்டரைப் பற்றிய பெர்ல்ஸ்டைனின் முதல் நூலில் தொடங்கலாம். அடுத்து ஹெம்மர், பிறகு ஹோக்ஷில்ட். ஹாஃப்ஸ்டாட்டரைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு அழகான உரைநடையை முதலில் படித்துவிட்டால், பிறகு எவர் பேசுவதையும் கேட்கத் தோன்றாது.